கையைச் சேர்க்காத கணக்கு

நேற்று எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் ஒருத்தர் கம்பியில் கட்டிய சின்ன பொம்மை விமானத்தைச் சுற்றவிட்டார். அதன் எஞ்சினில் எரிபொருளோடு கலந்த விளக்கெண்ணெய் கருகிய புகை மாடிக்கு ஏறியதும் எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆவடியில் என் சித்தப்பாவும் அப்படித்தான் விடுவார். நடுவில் நின்று பிடியைப் பிடித்துக்கொண்டு அவரும் கூடவே சுற்றுவார். நான் சுற்றுகளை எண்ணுவேன். பத்துச் சுற்றுக்கு எத்தனை விநாடி என்று அண்ணன் கடிகாரத்தில் பார்ப்பான். கம்பியின் நீளத்தை வைத்து வட்டத்தை அளந்து வேகத்தைச் சொல்வார்கள்.

ஒருநாள் நான் கேட்டேன்: "சித்தப்பா, கம்பி உன் கையிலதான ஆரம்பிக்குது? நீட்டின கையைக் கணக்குல சேர்க்கலையே. வட்டம் இன்னும் பெருசாச்சே?"

"பொட்டப் புள்ளைக்குக் கணக்கு இன்னாத்துக்குடி? போய் உங்கம்மாவுக்குத் தண்ணி மொண்டு குடு" என்றார். அண்ணன் சிரித்தான்.

அடுத்த ஞாயிறே சித்தப்பா கையையும் அளந்து சேர்த்து, வேகத்தைக் கூட்டிச் சொன்னார். "எப்படிடா என் மூளை?" என்று அண்ணன் முதுகில் தட்டினார். என் பெயரை ஒருத்தரும் எடுக்கவில்லை. அந்த வருஷமே நாலாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். அண்ணன் காலேஜ் போனான். நான் இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்.

நேற்று கீழே இறங்கிப் போனேன். அந்த மனிதர் போனில் கணக்குப் போட்டு, "எழுபத்தஞ்சு கிலோமீட்டர் வேகம்!" என்று நண்பரிடம் பீற்றிக்கொண்டிருந்தார்.

"கம்பியை மட்டும் அளந்தியா, கையையும் சேர்த்தியா, நைனா?"

அவர் கையை நீட்டிப் பார்த்து விழித்தார். "அட! இதை உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க ஆயா?"

"எனக்கு எவனும் சொல்லித் தரல. நான்தான் அவனுங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்."