கம்ப்யூட்டரில் நின்ற தேர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம், உள்ளே சூடு தங்காமல் காற்று போய்வர வரிசை வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கின்றன. மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு துளை மட்டும் அடைபட்டிருக்கிறது. அடைத்திருப்பது சந்தனம். காய்ந்து கல்லாகி, வெளுத்துப்போன சந்தனம். அதை அடைத்தவளும் என் அக்கா, எடுக்காமல் விட்டவளும் என் அக்கா. அவள் போய் வருடங்கள் ஆகிவிட்டன. தூசி தட்டும்போதெல்லாம் என் விரல் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது.

பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் தெலுங்குப் பக்கம் இருக்கிற ஊர் எங்களுடையது. நான் நடை பழகும்போதே அம்மா போய்விட்டாள். அக்காதான் கரும்பு வெட்டவும் வேர்க்கடலை பிடுங்கவும் கூலிக்குப் போய் என்னை எட்டாவது வரை படிக்க வைத்தாள். கல்யாணமாகி மூன்றே வருடத்தில் மாமா தவறிப்போக, மறுபடி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. புரட்டாசியில் ஊர்ப் பெருமாள் உலா வருவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பார். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் நகருவார். எங்கள் தெரு முனைக்கு வந்தால் மட்டும் நிற்காமல் திரும்பிவிடுவார். அக்கா தலைக்குக் குளித்து, கற்பூரத் தட்டோடு முனையில் நின்று, தூரத்திலிருந்தே காட்டிவிட்டு வருவாள். ஒரு வருடம் அழுதுகொண்டு வந்தவளைப் பார்த்து அப்பா, “போனா போவுது, உள்ள வாம்மா” என்றார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவரு நம்ம தெருவுக்கு வரலன்னா இன்னா நைனா? நாம அவரு மலைக்குப் போவலாம்” என்றாள். அந்த வருடத்திலிருந்து புரட்டாசி தவறாமல் திருமலைக்கு நடந்தே ஏறினாள்.

அப்படி அவரைத் தேடிப் போன கண்ணைத்தான் சர்க்கரை வியாதி தின்றது. முதலில் இடது கண் போனது. வலது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிகிறது, சீக்கிரம் ஆப்பரேஷன் செய்ய வேண்டும், பார்வை நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் செய்யாவிட்டால் நிச்சயம் போய்விடும் என்று திருப்பதி டாக்டர் சொன்னார். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். “நல்லா ஆனா சந்தோசம். ஆவலன்னா? அவரு மூஞ்சிய ஒருவாட்டி தெளிவா பாத்துட்டுத்தான் அந்தக் கட்டில்ல படுப்பேன்.”

சரி என்று மலைக்கே அழைத்துப்போனேன். காலையிலிருந்து வரிசையில் நின்றோம். சன்னிதிக்கு நேரே வந்தபோது, “ஜருகண்டி, ஜருகண்டி” என்று தெலுங்கில் நகரச் சொல்லித் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, பின்னால் அவ்வளவு ஜனம். ஆனால் அக்காவின் கண் அந்த இருட்டுக்குப் பழகுவதற்குள் நாங்கள் வெளியே இருந்தோம். பஸ்ஸில் கீழே இறங்கினோம். “பாத்தியாக்கா?” என்றேன். “வெளக்கு தெரிஞ்சுது” என்றாள். அவ்வளவுதான். அக்காவின் பிடிவாதத்தில் ஆப்பரேஷனுக்குக் கொடுத்த தேதி இரண்டு முறை தப்பியது. மூன்றாவதாக, பிரம்மோற்சவம் முடிந்த மறுநாளைக் குறித்துக் கொடுத்து, இதற்கு மேல் தள்ளினால் என்னிடம் வராதீர்கள் என்றார் டாக்டர்.

எங்கள் பழைய டிவியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாலும் அவளுக்குப் பூச்சி பறப்பதுபோலத்தான் இருந்தது. வழி தெரிந்தது வேறோர் இடத்தில். என் மகள் காலேஜ் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர், அவள் கல்யாணமாகிப் போனபிறகு சும்மா இருந்தது. ஒருநாள் அதில் அவள் கல்யாண வீடியோவைப் போட்டோம். அக்கா திரைக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, “டேய், உன் பொண்ணு மூக்குத்தியில செவப்புக் கல்லு கீதுடா!” என்று கத்தினாள். எதிரில் நிற்கிறவர் மூக்கே தெரியாதவளுக்கு மூக்குத்திக் கல் தெரிந்தது. அப்போதே முடிவு செய்தேன். மலையில் நடக்கும் உற்சவத்தை இதே திரையில், இதே தெளிவில் அக்காவுக்குக் காட்டியே தீருவது என்று.

திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர், டிஷ் ஒயரைக் கம்ப்யூட்டரில் மாட்ட ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, எச்.டி. சேனலைத் தேர்ந்தெடுத்தால் மயிரிழைகூடத் தெரியும் என்றார். ஓடுகிற படத்தைக் கீபோர்டில் இருக்கிற நீளமான பட்டனைத் தட்டி நிறுத்தலாம் என்றும் காட்டினார். எல்லாவற்றையும் அவர் தெலுங்கில் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு நானே மாட்டினேன். முதல் நாள் சத்தம் வந்தது, படம் வரவில்லை. இரண்டாம் நாள் படம் வந்தது, சத்தம் வரவில்லை. மொட்டை மாடிக்கும் அறைக்கும் நான் ஏறி இறங்குவதைப் பார்த்து என் வீட்டுக்காரி, “இதுக்கு நீ சூளூர்பேட்டைக்குப் போயி ராக்கெட்டு வுட்டிருக்கலாம்” என்றாள். சிரித்தாளே தவிர, டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவளும் அவள்தான்.

ஒருவழியாக இரண்டும் சேர்ந்து வந்தன. ஆனால் பத்து நிமிடம் ஓடியதும் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது. ஆறவிட்டுப் போட்டால் மறுபடி பத்து நிமிடம். மலையில் பிரம்மோற்சவம் தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. எட்டாம் நாள் காலையில் தேர். பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு புத்தூர் வழியாகப் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனேன். கடைக்காரர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “ஏமண்ணா, இதுக்குச் சந்தனக் காப்பு சாத்திட்டீங்களா? சாமி மூச்சு விட வேணாமா?” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புதுச் சாமான் எது மாட்டினாலும் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் தொடமாட்டோம். சின்னப் பெட்டி மாட்டிய அன்று அக்கா சந்தனம் குழைத்து வந்தாள். முன்னால் வைத்த ஒரு பொட்டைத்தான் நான் பார்த்தேன். கண் தெரியாத கை, பின்பக்கம் முழுக்கத் தடவியிருக்கிறது. கடைக்காரர் உள்ளே விசிறியைச் சுத்தம் செய்துவிட்டு, துளைகளைக் குத்த பிரஷ்ஷை எடுத்தார். சாமிக்கென்று வைத்த சந்தனம். கடை பிரஷ்ஷால் தட்டிவிட மனம் வரவில்லை. வீட்டில் எடுத்துக்கொள்கிறேன் என்று தூக்கி வந்தேன்.

அக்காவிடம் மறைக்கவில்லை. கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அவரு வர்ற வழிய நானே அடைச்சிட்டனாடா?” பிறகு சேலையைச் செருகிக்கொண்டாள். “தென்னை ஓலையில புதுசா ஈர்க்குச்சி கிழிச்சிக் குடு. வெளக்கமாத்துக் குச்சி வேணாம்.” விரல் நுனியால் ஒவ்வொரு துளையாகத் தேடித் தேடிக் குத்தித் திறந்தாள். நான் செய்கிறேன் என்றால் கையைத் தட்டிவிட்டாள். அரை நாள் ஆனது. கடைசியில் ஒரு துளையை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, “இது ஒண்ணு இருக்கட்டும். வெச்ச பொட்ட முழுசா அழிக்கக் கூடாது” என்றாள்.

தேர் நாள் காலை. எல்லாரும் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர் அணையவில்லை. மாட வீதியில் ஜனம் வடம் பிடிக்க, தேர் அசைந்து அசைந்து வந்தது. இரண்டு தாயார்களுக்கு நடுவில் பெருமாள் திரை நிறையத் தெரிந்த நேரம் பார்த்து நீளப் பட்டனைத் தட்டினேன்.

“இன்னாடா, தேரு நின்னுடுச்சி?”

“நான்தான் நிறுத்தினேன்க்கா. நீ நல்லா பாரு. ஜருகண்டின்னு சொல்ல இங்க யாரும் இல்ல.”

“சாமிய நிறுத்த நீ யாருடா?” என்று பயந்துபோனாள். ஆனால் கண் அதற்குள் திரைக்குப் போய்விட்டது. மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்தாள். “மாலையில தவனம் சொருகி கீது. கழுத்துல பச்சைக் கல்லு. சிரிக்கிறாருடா... என்னப் பாத்து சிரிச்சிக்கினு கீறாரு.” எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று நான் கவனிக்கவில்லை. என் கண்ணையும் தண்ணீர் மறைத்திருந்தது. பிறகு என் வீட்டுக்காரியைப் பார்த்து, “கற்பூரம் கொண்டாம்மா. வாசல்ல வந்து நின்னவரை வெறுங்கையோட அனுப்புவாங்களா?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்தத் தெருமுனை ஞாபகம் வந்தது. அக்கா எழுந்து நின்று கற்பூரம் காட்டினாள். “தள்ளியே காட்டறேன். அதுக்குக் காத்து வோணும் இல்ல?” என்று சிரிப்பு வேறு. தட்டைக் கீழே வைத்து, “போதும். ஜருகண்டின்னு நானே சொல்லிக்கிறேன். பின்னாடி ஜனம் நிக்குது, தேர வுடு. என்னிக்கு ஆசுபத்திரின்னு சொல்லு” என்றாள்.

சொன்னபடி மூன்றாம் நாள் அந்தக் கட்டிலில் படுத்தாள். பார்வை நிற்கவில்லை. வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. டாக்டர் வருத்தப்பட்டபோது, “நீங்க இன்னா பண்ணுவீங்க சார்? நான் பாக்க வேண்டியத பாத்துட்டுத்தான் வந்தேன்” என்று அவருக்கு ஆறுதல் சொன்னாள். அதன்பிறகு இருந்த வருடமெல்லாம் தேர் நாளில் திரைக்கு முன்னால் உட்காருவாள். நான் நிறுத்துவேன். அவள் கற்பூரம் காட்டுவாள்.

இப்போது எங்கள் தெருவில் பலருக்குச் சொந்த நிலம் இருக்கிறது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது, தேரை உள்ளங்கையில் பார்க்கிறார்கள். ஊர்ப் பெருமாள் மட்டும் இன்னும் முனையில் திரும்பிவிடுகிறார். போன வருடம் ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். இந்த வருடமும் கேட்டிருக்கிறேன். அடுத்த வருடமும் கேட்பேன். எட்டாவது படித்தவன், டிஷ்ஷையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து மாட்டியவன், இதையும் விடமாட்டேன். அவர் முனையில் திரும்பிப் போகாமல் எங்கள் வாசலில் வந்து நிற்கிற அன்று, சந்தனம் அடைத்த அந்த ஒரு துளைக்கு நேராகத்தான் முதல் கற்பூரம் காட்டுவேன். அக்கா சொன்ன மாதிரி, கொஞ்சம் தள்ளி நின்று.