மகிழங்கன்று வரை எட்டாத தண்ணீர்

சேது இறந்துவிட்டார்.

இராமநாதபுரத்து எல்லையில் செடி நர்சரி வைத்திருந்த சேது... எவரும் எனக்குச் செய்தி சொல்லவில்லை. இன்று காலை ஒரு மகிழங்கன்று வாங்குவதற்காக நல்ல நேரம் பார்த்து எங்கள் ஊர் மண்டபத்தில் பஸ் ஏறினேன். போய் இறங்கினால், கேட்டில் அவர் படத்தோடு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்.

அந்தப் படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

என் வீட்டுக் கொல்லை மிகச் சிறியது. ஒரு வேட்டியை விரித்து உலர்த்தினால் நிறைந்துவிடும். ஆனாலும் பூசைக்கான மலர்கள் அனைத்தும் அதற்குள்ளேயே பூக்க வேண்டும் என்பது என் ஆசை. பழம்பாடல்களில் படித்த மரங்களையெல்லாம் சேதுவிடம் ஒவ்வொன்றாகக் கேட்பேன். புன்னை இருக்கிறதா, கொன்றை இருக்கிறதா, மகிழம் இருக்கிறதா...

"பாட்டுல எல்லா மரத்துக்கும் இடம் இருக்கும் அய்யா. ஒங்க கொல்லையில இருக்கா?" என்பார்.

"இறைவனுக்குச் சாத்துகிற பூவுக்கு அவனே இடம் கொடுப்பான் சேது."

"அப்ப அவரையே வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க. ஒங்களுக்குத் தாரதா இல்ல."

செடி வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பும் நர்சரிக்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மற்ற நர்சரிகளில் தொட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். சேதுவின் இடத்தில் தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே ஓர் ஆள் குந்தி உட்காரலாம். "பாதி இடத்தைச் சும்மா போட்டிருக்கியேப்பா" என்று ஒருமுறை கேட்டேன்.

"சும்மா எங்கன கெடக்கு? காத்து போகுதுல்ல. மாவுப்பூச்சி ஒன்னுல வந்தாப் போதும், ஒட்டிக்கிட்டு நிக்கிற அம்புட்டுக்கும் வந்துரும்."

போன மழைக்காலத்தில்தான் எனக்கென்று ஒரு மகிழங்கன்றை ஒதுக்கினார். கடைசி வரிசையில் நிழல்வலைக்கு அடியில் வைத்து, அடையாளத்துக்கு மஞ்சள் நூல் ஒன்றைக் கட்டினார். "இது ஒங்களுது அய்யா. இடம் பண்ணிட்டு வாங்க, தாரேன். அதுவரைக்கும் எங்கிட்ட வளரட்டும்."

இடம் பண்ணுவதென்றால் என் செவ்வரளியை எடுக்க வேண்டும். இறைவன் திருமுடிக்கு நாள்தோறும் மலர் கொடுத்த செடி. அதில் எப்படிக் கை வைப்பது... மாதங்கள் ஓடின. என்னைக் காணும்போதெல்லாம் தூரத்திலிருந்தே, "என்ன அய்யா, இடமாச்சா?" என்று குரல் கொடுப்பார்.

நேற்றுத்தான் எடுத்தேன். வேரும் மண்ணும் சிதையாமல் பெயர்த்து, தெருமுனைப் பிள்ளையார் கோயில் ஓரத்தில் நட்டேன். அது நின்ற இடத்தில் குழி வெட்டி எருவிட்டு வைத்தேன். இதைச் சேதுவிடம் சொல்லவேண்டும் என்றே இன்று புறப்பட்டேன்.

எதிரே டீக்கடை நடத்தும் அம்மாள் விவரம் சொன்னார். "நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாக அய்யா. ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மக திருப்பூர்ல இருந்து வந்து எல்லாம் செஞ்சிட்டுப் போயிருச்சு."

செடிகளுக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று கேட்டேன்.

"யாரு விடுவா? இடத்துக்காரக அண்ணன் தம்பிக்குள்ள பாகத் தகராறு. சேதண்ணே இருந்த வரைக்கும் அவருக்காகப் பேசாம இருந்தாக. இப்ப ஆளுக்கொரு பூட்டப் போட்டுட்டுப் போயிட்டாக."

கேட்டில் இரண்டு பூட்டுகள் தொங்கின. சுற்றிலும் முள்வேலி. தண்ணீர்க் குழாயும் மோட்டாரும் உள்ளே.

அந்த அம்மாளிடம் நம்பர் வாங்கி மூத்தவருக்குப் போன் செய்தேன். "தம்பி பூட்ட எடுக்கட்டும் அய்யா. மறு நிமிசம் நான் எடுக்குறேன்."

இளையவர், "மொதல்ல அண்ணன் எடுக்கட்டும். பெரியவக நீங்க... நியாயம் ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

தம்பிக்கு நாட்டைக் கொடுத்துவிட்டுக் காட்டுக்கு நடந்த அண்ணனின் கதையை எத்தனையோ சபைகளில் சொன்னவன் நான். மீண்டும் மூத்தவரை அழைத்து அதையே சொல்லத் தொடங்கினேன்... போனை வைத்துவிட்டார்.

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாள் ஒரு குடம் தண்ணீரும் பிளாஸ்டிக் மக் ஒன்றும் கொடுத்தார். கம்பிகளுக்கிடையே கையை நுழைத்து, முடிந்தவரை வீசி வீசி ஊற்றினேன். முதல் வரிசை நனைந்தது. இரண்டாம் வரிசைக்குச் சில துளிகள். மற்றதெல்லாம் சேது விட்டிருந்த இடைவெளியில் விழுந்து மண்ணோடு போயிற்று.

"இன்னுங் கொஞ்சம் நெருக்கி வச்சிருக்கப்படாதா இந்த அண்ணே..." என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அம்மாள்.

கடைசி வரிசையில் மஞ்சள் நூல் தெரிந்தது. கன்றின் இலைகள் தொங்கிப்போயிருந்தன. காயவில்லை... இன்னும் காயவில்லை.

வீட்டுக்கு வந்து நீராடிப் பூசையில் அமர்ந்தேன். நாள்தோறும் ஓதும் பதிகம் இரண்டாம் அடியிலேயே நின்றுவிட்டது.

இதைப் படிப்பவர்களில் அந்த அண்ணன் தம்பியை அறிந்தவர் எவரேனும் இருந்தால், அருள்கூர்ந்து ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். ஒரு நாழிகை திறந்தால் போதும். தண்ணீர் விட்டுவிட்டு நானே பூட்டச் சொல்லிவிடுகிறேன்.

நாளைக் காலையும் போவேன். முதல் வரிசைக்கேனும்...

இடம் பண்ணிவிட்டேன் சேது.

போய் வாப்பா.