பாயில் விழுந்த நிழல்

மட்டாஞ்சேரியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தேன். வேலை முடிந்தால் படகுத்துறைக்குப் போய்க் கப்பல்களை வரைவேன். ஐம்பதுகளில் காயலில் பத்தேமாரிகள் நிறைய நிற்கும்; மரத்தால் கட்டிய பெரிய பாய்க்கப்பல்கள். என் அக்காவின் கணவர் அப்படியொன்றில் வேலை பார்த்தார். இஞ்சி ஏற்றிக்கொண்டு வடக்கே போன அந்தக் கப்பல் திரும்பவில்லை. மச்சானின் உடலும் கிடைக்கவில்லை.

பல மாதம் பேச்சே இல்லாமல் கிடந்த அக்கா ஒருநாள் கேட்டாள். "அந்தக் கப்பல் போனத எனக்கு வரைஞ்சு தாடா."

வழியனுப்ப அவள் மட்டும்தான் துறைக்குப் போயிருந்தாள். எனக்குத் தெரிந்தபடி வரைந்தேன்: வெள்ளைப் பாய், மடிப்புகளில் கொஞ்சம் சாம்பல் நிறம்.

"இதல்லடா. அன்னைக்கு இத்தனை வெளுப்பு இல்ல."

"பின்னே எப்படி இருந்துச்சு?"

"சொல்லத் தெரியல. ஆனா இது அதில்ல."

யோசித்தபோதுதான் உறைத்தது. நான் வரைவதெல்லாம் சாயங்காலத்தில். அப்போது வெயில் என் முதுகுப்பக்கத்திலிருந்து நேரே பாயில் அடிக்கும். அந்தக் கப்பல் போனதோ விடியலில். சூரியன் எதிரே எறணாகுளத்துப் பக்கமிருந்து எழும். பாய் நடுவில் மறைத்து நிற்கும்.

அன்றுமுதல் காலையில் போய் உட்கார்ந்தேன். நிழலென்றால் கறுப்பு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒற்றைத் துணி இருக்கும் இடத்தில் வெளிச்சம் ஊறி, பாய் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. தையலிலும் ஒட்டுப்போட்ட இடத்திலும்தான் இருட்டு. ஒருநாள் ஒரு கப்பல் கிளம்பியது. பாய்க்கு அந்தப்புறம் யாரோ நின்றிருக்க வேண்டும். ஆளைக் காணவில்லை, அவன் நிழல் மட்டும் துணியில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அக்கா, மச்சான் பாய்க்கு அந்தப்பக்கமா நின்னாரு?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நிழலத்தான் கண்டேன். திரும்பி வந்து நிப்பாருன்னு பார்த்துட்டே இருந்தேன். மொகம் கண்டில்ல."

அப்படியே வரைந்து கொடுத்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுதான்டா. இவரு எங்கோட்டு நோக்கி நிக்காரு? கரைக்கா, அந்தப்பக்கமா?"

கரையைப் பார்த்துத்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நிழல்ல அது தெரியாதுக்கா."

படத்தை அலமாரிக்கு மேலே வைத்தாள். அதன்பிறகு துறைப்பக்கமே அவள் போகவில்லை. மீன் வாங்கக்கூட வேறு தெருவழியாகச் சுற்றிப் போனாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அக்கா பாலக்காட்டில் சொந்தக்காரர் வீட்டோடு போய்த் தங்குவதென்று முடிவானது. அவளுடைய டிரங்குப்பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த நான் படத்தைக் கீழே இறக்கி, "இதையும் வைக்கட்டுமாக்கா?" என்றேன்.

"வேண்டா. அங்க யாராவது, இது யாருன்னு கேப்பாங்க" என்றாள்.