கர்னலின் வீடும் யோகமலரின் கையெழுத்தும்

கியூபெக்கின் லாசாலில் இருக்கும் யோகமலருக்கு ஆங்கில இலக்கியத்தின் மேல் ஒரு நாளும் ஆசை வந்ததில்லை. அவருக்கு வேண்டியிருந்தது தாதி வேலை. ஆனால் இந்த ஊரில் ஆங்கிலக் கல்லூரிக்குப் போனால், ஊசி போடப் படிக்கிறவரும் நாவல் படித்துத் தேறவேண்டும். கடைசி மூச்சை விடும் நோயாளி, கதாநாயகியின் மனப்போராட்டம் பற்றித் திடீரென்று விசாரித்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனையாக இருக்கலாம்.

ஆகவே 2006 இலையுதிர்காலத்தில், டவுன்டவுன் உணவகமொன்றின் சமையலறையில் பன்னிரண்டு வருடம் மரக்கறி வெட்டிய பிறகு, யோகமலர் நாற்பத்து மூன்று வயதில் கல்லூரி இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு பஸ் ஏறினார். கையில் நானூறு பக்க ஆங்கில நாவல். கதை இதுதான்: இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு கர்னல், பெரிய வீடு, மனைவி, மூன்று பெண்பிள்ளைகள். நாலாம் அத்தியாயத்தில் கர்னல் சாப்பாட்டு மேசையிலேயே செத்துப்போகிறார். அவருடைய தம்பியின் மகன் பெட்டிகளோடு வந்து இறங்குகிறான். தாயும் பிள்ளைகளும் கடலோரத்தில் ஒரு குச்சு வீட்டுக்குப் போய், மீதி முந்நூறு பக்கமும் தேத்தண்ணீர் குடித்தபடி மாப்பிள்ளைக்குக் காத்திருக்கிறார்கள்.

அவர்கள் ஏன் வீட்டை விட்டுப் போனார்கள் என்பது கட்டுரைக்கான கேள்வி.

யோகமலர் பிறந்தது மட்டக்களப்புப் பக்கம், ஆரையம்பதியில். அங்கே வீடு பெண்ணுக்கு. கலியாணம் கட்டியவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவான். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பதைப்போல, யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். எனவே கர்னலும் அப்படி வந்தவர்தான் என்று வைத்துக்கொண்டு யோகமலர் நாலு பக்கம் விளாசினார். வீடு தாயுடையது, புருஷன் செத்த கவலையில் புத்தி பேதலித்து அதை அவருடைய சொந்தக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள், இப்படி ஒரு மடைச்சியை எந்த ஊரிலும் கண்டதில்லை என்று முடித்திருந்தார்.

நூற்றுக்கு நாற்பத்தெட்டு வந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘இது நாவலில் எங்கே இருக்கிறது?’

ஆசிரியை எலிசா நல்ல மனுஷி. தன் அறைக்கு அழைத்து உட்காரவைத்து ஆங்கிலத்தில் விளக்கினார்.

“வீடு கர்னலுடையது, யோகா. அவருக்குப் பிறகு அடுத்த ஆண் வாரிசுக்கு.”

“மூன்று பிள்ளைகள் இருக்கிறார்களே?”

“மூன்றும் பெண்கள்.”

“அப்படியென்றால் வேலைக்குப் போகலாமே! மூத்தவளுக்குத் தையல் தெரியும், பிரெஞ்சு தெரியும்.”

“சம்பளத்துக்கு வேலை செய்தால் அவள் சீமாட்டி இல்லை. அந்த வகுப்பில் ஒருவனும் அவளைக் கட்டமாட்டான்.”

யோகமலர் வெங்காயம் வெட்டித் தழும்பேறிய தன் விரலைப் பார்த்தார். “பட்டினி கிடந்தால் சீமாட்டி, சமைத்தால் வேலைக்காரி. அப்படித்தானே?”

எலிசா விழுந்து விழுந்து சிரித்தார். “இதை எழுதிக் கொண்டு வாருங்கள், எண்பது போடுகிறேன்.” அடுத்த மாதம் வீடு வாங்கப்போவதாக யோகமலர் சொன்னதும் ஒரு மரியாதைக்காக விசாரித்தார்: “வாழ்த்துகள்! உங்கள் பெயரில்தானே?”

பஸ்ஸில் யோகமலருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தரிப்பு முன்னதாகவே இறங்கி நடந்தார். நடக்கவும் முடியவில்லை, அரைவாசி தூரம் ஓடினார்.

அவருடைய கணவர் இரவிச்சந்திரன் யாழ்ப்பாணத்து ஆள், தங்கமான மனுஷன். ஒரேயொரு குறை, அவருக்கு ஓர் அண்ணை இருந்தார். உருத்திரமூர்த்தி என்ற அந்த அண்ணைக்கு தெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடையும் வங்கியில் நல்ல பெயரும் இருந்தன. அதனால் வீட்டை அண்ணனும் தம்பியுமாக எழுதுவது என்று முடிவு. யோகமலரின் சம்பளமும் அந்த வீட்டுக்குத்தான் போகப்போகிறது. சம்மதம் கேட்டபோது கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்ற யோகமலர், ‘ஓம், ஓம்’ என்று சொல்லியிருந்தார்.

ஓடிவந்த அன்றிரவு சோறு போடும்போதே தொடங்கினார். “இஞ்சாருங்கோ, நீங்க இல்லாட்டி இந்த வீடு ஆருக்கு?”

“என்னப்பா, சாப்பிடேக்க சாகச் சொல்லுறீர்?”

“கர்னலும் சாப்பிடேக்கதான் செத்தவர்.”

“ஆர் கர்னல்?” இரவிச்சந்திரன் கோப்பையைக் கீழே வைத்தார். “ஆமிக்காரனோ? எங்க?”

“கதையில. அவற்ர பொஞ்சாதி பிள்ளையள் தெருவில.”

“அது இங்கிலாந்து. கியூபெக் சட்டம் பொம்பிளையளைக் கைவிடாது. நாங்கள் பிரிஞ்சாலும் உமக்குப் பங்கு வரும்.”

“நான் பிரியிறதப் பத்திக் கதைக்கல்ல. இருக்கிறதப் பத்திக் கதைக்கிறன்.”

“அண்ணையிட்டை எப்பிடியப்பா இதைச் சொல்லுறது?”

அவர் சொல்லவில்லை. கையெழுத்து நாளன்று யோகமலர் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கந்தோரில் கதவோரக் கதிரையில் இருந்தார். இருந்தார் என்பதைவிட மூன்று தடவை எழும்பினார் என்பதே சரி. நொத்தாரிசு உறுதியைப் பிரெஞ்சில் வாசிக்கத் தொடங்குமுன் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, “மடாமும் வாங்குகிறாரா?” என்றார்.

“அவர் சும்மா வந்தவர்” என்று உருத்திரமூர்த்தி நல்ல பிரெஞ்சில் சொன்னார்.

“இல்லை, நானும் வாங்குகிறேன்” என்று யோகமலர் உடைந்த பிரெஞ்சில் சொன்னார்.

நொத்தாரிசு பேனாவை மூடினார். உருத்திரமூர்த்தி தம்பியிடம் திரும்பினார்.

“டேய், உன்ர மனிசிக்கு என்ன பிடிச்சது?”

“நாவல் வாசிக்கிறா, அண்ணை.”

“நிப்பாட்டு அதை!”

“நிப்பாட்டினா தாதியாகேலாதாம்.”

“அப்ப என்ர பேரை வெட்டு. அண்ணையில நம்பிக்கை இல்லாத இடத்தில எனக்கென்ன வேலை?”

வெட்டமாட்டார்கள் என்று நம்பித்தான் அவர் அப்படிச் சொன்னார். அண்ணையின் பெயர் போனால் வங்கி கைவிரிக்கும், வீடு கைநழுவும் என்பது எல்லாருக்கும் தெரியும். யோகமலருக்கும்தான்.

“சரி, அண்ணை” என்றார் யோகமலர்.

இரவிச்சந்திரன் சுவரைப் பார்த்தார். அங்கே உதவி எதுவும் தொங்கவில்லை. கடைசியில், “அவ சொல்லுற மாதிரியே செய்யுங்கோ” என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

அண்ணை இல்லாமல் புதிதாகக் கேட்ட கடனுக்குப் பதினொரு நாள் வங்கி மூச்சுக் காட்டவில்லை. யோகமலர் உணவகத்தில் மூன்று கிண்ணங்களை உடைத்தார். பிறகு பதில் வந்தது: நிலக்கீழ் அறையை வாடகைக்கு விட்டால் கடன் தரலாம். உறுதியில் இரண்டு பெயர் ஏறியது. இந்த மாகாணத்தில் மனைவி தன் பிறந்த வீட்டுப் பெயரில்தான் கையெழுத்து வைப்பாள் என்பதால் முதல் வரியில் ‘யோகமலர் சீனித்தம்பி’ என்று வந்தது. இரவிச்சந்திரன் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“அப்ப நான் என்ன, வீட்டோட மாப்பிள்ளையோ?”

“எங்கட ஊரில எல்லாரும் அதுதான். ஒருத்தரும் செத்துப்போகல்ல.”

பால் காய்ச்சிய அன்று உருத்திரமூர்த்தி வரவில்லை. நிலக்கீழ் அறைக்கு வந்தவர் நிரஞ்சலா. திருகோணமலைப் பிள்ளை, ஹோட்டலில் கட்டில் விரிக்கிற வேலை. முதல் பனி கொட்டிய நாள் அவர் சப்பாத்தோடு முன்வாசலால் ஏற, வீட்டுக்காரி வழிமறித்தார்.

“கார்ப்பெற் புதுசு, புள்ள. இனிப் பின்கதவால வா, என்ன?”

சொல்லி வாய் மூடவில்லை, யோகமலருக்குக் கர்னல் வீட்டு வேலைக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். கர்னல் வீட்டில் யார் யார் பின்கதவால் வந்தார்கள் என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். எலிசாவுக்கு அதைப் பற்றி ஆறு பக்கம் எழுதிக்கொடுத்து எழுபத்தொன்பது வாங்கியிருந்தார். சோபாவில் இருந்தார், எழும்பினார், கார்ப்பெற்றைப் பார்த்தார், மறுபடி இருந்தார். விடிந்ததும் கீழே இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார்.

“நேத்துச் சொன்னத மனசில வச்சிக்காத. நீ முன்னாலயே வா.”

நிரஞ்சலா சப்பாத்து நாடாவைக் கட்டியபடி நிமிர்ந்தார்.

“வேண்டாம் அக்கா. பின்பக்கந்தான் பஸ்ஸுக்குக் கிட்ட. அதோட முன்னால வந்தா நீங்க கதைச்சுக் கதைச்சு வேலைக்குப் பிந்த வைக்கிறீங்க.”