சர்வரில் பதிவான பெயர்

புள்ளியியல் மென்பொருளை என் மேசைக் கணினியிலிருந்து சர்வரோடு இணைக்க எனக்கு ஒன்பது வேலை நாட்கள் பிடித்தன. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. எம்.எஸ்சி. முடித்த கையோடு மதுரையிலிருந்து டெல்லிக்கு வந்து, ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். கரோல் பாகில் அக்கா வீட்டில் தங்கல். சர்வர் எங்கள் கட்டடத்தில் இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி, கம்ப்யூட்டர் சென்டர் என்று எல்லோரும் சொன்ன இன்னொரு கட்டடத்தில், ஏ.சி. அறைக்குள் இருந்தது.

எதற்கும் பட்டியல் போடுவது என் வழக்கம். இணைப்பு கிடைக்காததற்கான காரணங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கேபிள் சரி. சர்வரின் முகவரி சரி. போர்ட் எண்ணைத் தப்பாகச் சொல்லியிருந்தார்கள், அதைக் கண்டுபிடிக்க நான்கு நாள். என்னிடம் இருந்த பதிப்பு வேறு, அங்கே இருந்தது வேறு, புதிய சி.டி. வந்து சேர இன்னும் நான்கு நாள். கடைசியில் மிஞ்சியது பயனர் பெயரும் பாஸ்வேர்டும்தான்.

சொந்தமாக ஒரு பயனர் பெயர் வேண்டுமென்றால் மூன்று படிகளில் விண்ணப்பம், டைரக்டரின் கையெழுத்து, சென்டரின் ஒப்புதல். ஒப்பந்த ஊழியருக்குக் கொடுப்பார்களா என்பது யாருக்கும் தெரியவில்லை. எங்கள் செக்‌ஷனில் செக்‌ஷன் ஆபீசர் ஒருவருக்குத்தான் கணக்கு இருந்தது. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். டெல்லிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். நான் விண்ணப்பப் படிவத்தை நீட்டியதும் சிரித்தார்.

"இது கையெழுத்தாகி வர்றதுக்குள்ள உன் கான்ட்ராக்டே முடிஞ்சிடும்மா. இந்தா, என் பேர்லயே போ. செக்‌ஷனே இதுலதான் போயிட்டு வருது, உனக்கு மட்டும் தனி வாசலா?"

மேஜைக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார். அலமாரிச் சாவி எந்த டம்ளருக்குள் இருக்கிறது என்று புதிதாக வந்தவருக்குச் சொல்வதுபோலத்தான் அதைச் செய்தார். எனக்கும் அதில் தவறு எதுவும் தெரியவில்லை.

அன்று மாலை இணைப்பு கிடைத்தது. "ஹோ கயா?" என்று தன் இருக்கையிலிருந்தே கேட்டார்.

"ஆயிடுச்சு சார்."

"ஒன்பது நாளா! நம்ம ஊர்ல இதுக்குள்ள பொண்ணு பார்த்து நிச்சயமே பண்ணியிருப்பாங்க."

சந்தோஷத்தில் இரண்டு காரியம் செய்தேன். மென்பொருளைத் திறந்தவுடன் அதுவாகவே சர்வரோடு இணையும்படி ஒரு சிறு கட்டத்தில் டிக் செய்து, பாஸ்வேர்டையும் சேமித்துவைத்தேன். பிறகு சர்வரில் இருந்த அதே பெயர்களில், அதே டி டிரைவில், என் கணினியிலும் ஃபோல்டர்கள் உருவாக்கினேன். எழுதும் நிரல் இரண்டு இடத்திலும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஓட வேண்டும் என்பது என் எண்ணம்.

சர்வரில் இருந்த முக்கியமான ஃபைல், குடிநீர் பற்றிய ஒரு வீட்டுக் கணக்கெடுப்பு. ஊர் ஊராகப் போய் நிரப்பிய காகிதப் படிவங்களைப் பக்கத்தில் அடுக்கிவைத்துக்கொண்டு, எங்கள் செக்‌ஷனின் இரண்டு பெண்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக அதில் பிழை திருத்திக்கொண்டிருந்தார்கள். கிணறு இருக்க வேண்டிய இடத்தில் குழாய், மூன்று வயதுக் குழந்தை குடும்பத் தலைவர், இப்படி. திருத்தம் தொடங்குவதற்கு முன் எடுத்த பழைய நகல் ஒன்றை, சோதனைக்காக, நான் என் கணினியில் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை அந்த நகலில் ஒரு சோதனை செய்தேன். முதல் ஐந்நூறு வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கி, அதே பெயரில் சேமித்துவிட்டால், அட்டவணைகள் சீக்கிரம் வரும். நிரலை ஓட்டினேன். கொஞ்சம் மெதுவாக ஓடியது. பழைய கணினி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மென்பொருள் காலையிலேயே சர்வரோடு தானாக இணைந்திருந்தது. அப்படி இணைந்திருக்கும்போது டி டிரைவ் என்றால் அது சர்வரின் டி டிரைவ். திரையின் அடியில் சின்ன எழுத்தில் சர்வரின் பெயர் இருந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், திருத்தம் செய்யும் பெண்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்து ஹிந்தியில், "மேடம், என் வீடுகளையெல்லாம் யாரோ இடிச்சுட்டாங்க. ஐந்நூறுக்கு மேல ஒண்ணுமே இல்ல" என்றாள். ஐந்நூறு என்ற எண் காதில் விழுந்ததும் காலையில் ஓட்டிய நிரலைத் திறந்து பார்த்தேன்.

சென்டருக்குப் போன் செய்தேன். பேக்கப் டேப் இருக்கும் என்ற நம்பிக்கை. டேப் டிரைவ் பழுதாகி ஐந்து வாரமாகிறது என்றார்கள். அந்தத் திருத்தங்கள் இனி எங்கும் இல்லை. டைரக்டருக்கு அவர்கள் அனுப்பிய கடிதத்தில், எந்த நேரத்தில் யார் அந்த ஃபைலை அழித்தெழுதினார் என்பது இருந்தது. காலை பத்து நாற்பது. செக்‌ஷன் ஆபீசரின் பெயர். மூன்று நாளுக்குள் அவர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்த மாதம் பதவி உயர்வுக் குழு கூடப்போகிறது, எட்டு வருடமாக அவர் அதற்காகக் காத்திருக்கிறார் என்பது செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலையே, படிக்கட்டில் அவரை நிறுத்திச் சொன்னேன். "சார், அது நான்தான்."

"தெரியும்மா. பத்து நாற்பதுக்கு நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்ல இட்லி அரிசிக்கு நின்னுட்டிருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் எழுதிக் கொடுத்துடறேன் சார்."

"எழுதாதே. உன் பாணியிலேயே சொல்றேன், நம்பர் போட்டுக்கோ. ஒண்ணு, உனக்கு பாஸ்வேர்ட் யார் கொடுத்தான்னு கேப்பாங்க. ரெண்டு, அந்த நேரத்துல நீர் எங்கய்யா இருந்தீர்னு என்னைக் கேப்பாங்க. மூணு, செக்‌ஷன்ல இன்னும் யார் யார் அதுல போறாங்கன்னு கேப்பாங்க. தெரியாம அழிச்சுட்டேன்னு நானே எழுதிக் கொடுத்தா, கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டுவாங்க. அத்தோட போச்சு. பாஸ்வேர்டைக் கொடுத்தது ஃபைல்ல ஏறிட்டா அது போகாது. புரியுதா?"

"புரியுது சார்."

"அச்சா. வீட்டுக்குப் போ."

மறுநாள் அவர் சொல்லச் சொல்ல, அவருடைய விளக்கத்தை நான்தான் டைப் செய்தேன். கவனக்குறைவு என்ற சொல் வந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தினேன். "ம், அடி" என்றார். மூன்று பிரதிகள் எடுத்துக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் முழுவதும் அந்த இரண்டு பெண்களோடு உட்கார்ந்து, என்னிடம் இருந்த பழைய நகலை வைத்து, ஐந்நூறுக்குப் பிந்திய வீடுகளை மறுபடி திருத்தினேன். அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பக்கம் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஒருநாள் ஒருத்தி, அவருக்குக் கேட்கும்படியாகவே, "பெரிய ஆபீசரோட ஒரு விரல், எங்களுக்கு ஒரு மாச வேலை" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஐந்நூற்று ஒன்றாம் எண் படிவத்தைக் கையில் வைத்திருந்தேன். அதைத் திருத்தத் தொடங்கினேன்.

வீட்டில் ஒரு தாளில் இரண்டு பத்தி பிரித்து எழுதினேன். இடது பக்கம், சொன்னால் என்ன ஆகும். வலது பக்கம், சொல்லாவிட்டால் என்ன ஆகும். இடது பக்கத்தில் அவர் படிக்கட்டில் சொன்ன மூன்றும் இருந்தன. வலது பக்கத்தில் எழுதியவை எல்லாம் என்னைப் பற்றியே இருந்தன: அந்தப் பெண்களின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நான் இப்படிப்பட்டவள் இல்லை. தாளைப் பார்த்தாலே எது சரி என்று தெரிந்திருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் அவருக்கும் நல்லதுதான், அவர் பயத்தில் பேசுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை டைரக்டரிடம் நேரில் போய் என் கடிதத்தைக் கொடுத்தேன். நிரலின் அச்சுப்பிரதி, நேரம், நடந்தது என்ன என்று வரிசையாக எழுதியிருந்தேன். பாஸ்வேர்ட் எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. இந்த வயதில் இவ்வளவு நேர்மையான பெண்ணைப் பார்ப்பது அரிது என்று ஆங்கிலத்தில் பாராட்டி அனுப்பினார்.

செக்‌ஷன் ஆபீசர் எண்ணிச் சொன்ன மூன்று கேள்விகளும் அதே வரிசையில் வந்தன. அவருக்கு எழுத்தில் மெமோ கொடுத்தார்கள். அது அவருடைய சர்வீஸ் ஃபைலில் ஏறியது. குழு கூடியது. பட்டியலில் அவர் பெயர் இல்லை. என் ஒப்பந்தத்தை இன்னொரு வருடத்துக்கு நீட்டித்தார்கள்.

பட்டியல் ஒட்டப்பட்ட அன்று அவர் மேஜைக்குப் போய் நின்றேன். என்ன சொல்லப் போனேன் என்று நினைவில்லை. அவர் ஒரு ஃபைலின் நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "நான் எவ்வளவு சொன்னேன். உங்களுக்குத் தூக்கம் வரணும்னு எழுதிக் கொடுத்துட்டீங்க. வருதா இப்போ?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார். நான் என் இடத்துக்குத் திரும்பினேன்.

அதன்பின் எல்லோருக்கும் தனித்தனியாகப் பயனர் பெயர் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. சர்வரோடு எப்படி இணைவது என்று ஒரு சுற்றறிக்கை தயாரிக்கும்படி டைரக்டர் என்னிடம் சொன்னார். எனக்குத் தெரிந்த வேலை. சர்வர் முகவரி, போர்ட் எண், பயனர் பெயர் என்று பதினொரு படிகளாக எழுதினேன். பாஸ்வேர்டை எவருக்கும் தரக்கூடாது, எங்கும் எழுதிவைக்கக்கூடாது, மீறினால் நடவடிக்கை என்று மூன்று வரி தடித்த எழுத்தில் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன். தயாரித்தவர் என்று கீழே என் பெயர் வந்தது. படித்ததற்கு அடையாளமாக ஒவ்வொருவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

தாள் அவர் மேஜைக்குப் போனபோது நான் திரையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு எழுந்து வந்து அதை என் கீபோர்டின் மேல் வைத்தார்.

"ஒரு ஸ்டெப் விட்டுருக்கீங்க மேடம்."

"எது சார்?"

"சேவ் பண்றதுக்கு முன்னாடி எந்த மெஷின்ல இருக்கோம்னு திரைக்கு அடியில பார்க்கணும். அது எங்கயும் இல்லையே."

பதினொரு படிகளையும் மறுபடி படித்தேன். இல்லை. ஃபைல் அழிந்ததற்குக் காரணம் அது ஒன்றுதான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியிருந்தேன்.

பன்னிரண்டாவதாக அதைச் சேர்த்து, புதிதாக அச்செடுத்தேன். எல்லோரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவரிடம் இரண்டாம் முறை போனபோது, படிக்காமலே போட்டுக் கொடுத்தார்.