ஆடியில் கட்டிய ஃபீஸ்

எழுபதுகளின் ஆரம்பம். தி.நகரில் எங்களுக்கு ஜவுளிக்கடை; கடைக்குப் பின்தெருவிலேயே வீடு. பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பாவை நச்சரித்து, மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி.க்கு விண்ணப்பம் போட்டேன். போட்டால் போடட்டும், கிடைக்கவா போகிறது என்று விட்டுவிட்டார். முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, என்னைத் தவிர.

இரண்டாம் பட்டியலில் கிடைத்துவிட்டது! தகவல் வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். புதன்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு. எங்களுக்குப் பணம் பிரச்னையே இல்லை, நாள்தான் பிரச்னை. திங்கட்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் அப்பா புதுச் செருப்புகூட வாங்க மாட்டார். ஆவணி பிறக்கட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆவணியில் என்ன பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தூத்துக்குடியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் அதே ஆவணிக்குத்தான் காத்திருந்தார்கள். அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா அசையவில்லை. அம்மா என்னைத்தான் அதட்டினார்.

மறுநாள் ஞாயிறு. என் அண்ணனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மதினியைத் தலை ஆடிக்கு அழைத்துப் போக அவருடைய அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். புதுப்பெண் ஆடி முழுக்கத் தாய்வீட்டில் இருந்துவிட்டு, ஆவணியில் புகுந்த வீட்டார் போய் அழைத்தால் திரும்புவாள். அதுதான் எங்கள் வழக்கம். மதினி மாமனார் முன்னால் வாயே திறக்காதவர். அவர் குரல் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாது என்றுகூட வீட்டில் கேலி பேசுவோம்.

சாப்பாடு முடிந்து சம்பந்திகள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு ஆடித் தள்ளுபடி ஆரம்பம், கடை திறக்கும் முன்பே ஜனம் வந்து நிற்கும் என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மதினி வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்குதேன், தப்புன்னா மன்னிச்சிருங்க. ஆடில சேல எடுக்க வாரவங்கள, ஆவணிக்கு வாங்கன்னு நாம திருப்பி அனுப்புததில்லையே. கல்லாவுக்கு ஆகுத ஆடி, நம்ம புள்ள காலேஜுக்கு மட்டும் ஏன் மாமா ஆகாது?"

சம்பந்திக்கு முகமே வெளிறிவிட்டது. "ஏட்டி, யாருகிட்ட என்ன பேச்சு பேசுத?" என்று மகளை அதட்டிவிட்டு, அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் மதினி எழும்பூருக்குக் கிளம்பியபோதும் வரவில்லை. ஆவணியில் அழைக்க ஆள் அனுப்பாவிட்டால் இந்தப் பெண்ணின் கதி என்ன என்று அம்மா புலம்பினார். என் படிப்பு போனது போக, இவர் வாழ்க்கையும் போச்சே என்று நான் பதறினேன். மதினியோ என் கன்னத்தைத் தட்டிவிட்டு வண்டி ஏறினார்.

திங்கட்கிழமை, ஆடி ஒன்று. கடையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அதை விட்டுவிட்டு அப்பா வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து, என்னைக் கிளம்பச் சொன்னார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. கல்லூரி வாசலில் இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தார். எமகண்டம்! "ஆடிதான் போச்சு, எமகண்டமாவது கழியட்டும்" என்று பன்னிரண்டு மணி வரை வெயிலில் என்னையும் நிறுத்தி, தானும் நின்று, அப்புறம்தான் உள்ளே போய்ப் பணம் கட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஆவணி பிறந்தது. மதினியை அழைக்க அண்ணன் போவதுதான் முறை. அப்பா தானே போனார். கடையை விட்டு ஒரு நாள் நகராத மனிதர்! சம்பந்தி வீட்டில் நாலு பேர் முன்னால், "என் மருமவள கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். கேக்க வேண்டியத கேக்கத் தெரிஞ்ச புள்ள" என்று சொன்னாராம். அந்த அப்பாவையும் நான் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

பட்டம் வாங்கி, வேலைக்கும் போய்ப் பல வருஷம் கழித்து ஒருநாள், அன்றைக்கு உங்களுக்குப் பயமாகவே இல்லையா என்று மதினியிடம் கேட்டேன்.

"பயந்துக்கிட்டுதான் கேட்டேன். எட்டாம் கிளாஸோட என்னைய நிப்பாட்டும்போது, எனக்காவ யாராச்சும் ஒரு வார்த்த கேக்க மாட்டாவளான்னு கதவுக்குப் பின்னால நின்னேன். யாரும் கேக்கல" என்றார்.

தனக்குக் கிடைக்காத அந்த ஒரு வார்த்தையைத்தான் மதினி எனக்குக் கொடுத்தார். நான் படித்த படிப்பு முழுவதும் இன்றும் அதன்மேல்தான் நிற்கிறது.