ஆணி இல்லாமல் போய்ச் சேர்ந்த செய்தி

பேய், ஆவி என்று எவனாவது பேச்செடுத்தால் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் எண்ணெய் விடுகிற வேலைக்குப் போய், யாரும் சொல்லித்தராமலே தூரத்தில் அடிக்கிற செய்தியை இங்கே அச்சடித்துத் தருகிற டெலிபிரிண்டரைக் கழற்றி மாட்டப் பழகியவன். பட்டம் வாங்கிய இன்ஜினியர் நாலு நாள் முழித்த இயந்திரத்தை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஓடவைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எழுபதுகளின் கடைசி, கார்த்திகை மாதம். மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தேன். டவுன் ஆபீசில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எழுத்து, அதற்கு எதிரே ஒரு துளை, அதில் செப்பு ஆணி. ஆணி இருந்தால் செய்தி அந்தக் கிளைக்குப் போய் அங்குள்ள இயந்திரத்தில் அச்சாகும். இல்லையென்றால் எங்கே போவதென்று தெரியாமல் அனுப்பியவரிடமே திரும்பிவந்து விழும். துளைக்குத் துளை ஆணியின் அளவும் வேறு.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு மெட்ராஸ் ஆபீசிலிருந்து செய்தி வந்தது. புயல் திசை மாறிவிட்டது, பிள்ளைச்சாவடிப் படகுகளைக் கடலுக்கு விடாதே. வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஐந்து மணிக்குப் படகுகள் கிளம்பிவிடும். அதில் ஒன்றில் என் பெண்டாட்டியின் தம்பி செல்வம். கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. கடலோரத்தில் இருந்த எங்கள் பிள்ளைச்சாவடிக் கிடங்கில் அந்த இயந்திரத்தை விட்டால் போனும் கிடையாது.

"அண்ணே, திரும்பிடுச்சு," என்றாள் ஆபரேட்டர் மேரி.

"இன்னொரு வாட்டி அடி."

"மூணு வாட்டி அடிச்சாச்சுண்ணே. பலகையைக் கொஞ்சம் பாருங்களேன்."

"பலகை நான் வெச்சது. அதுல தப்பு இருக்காது. நீ உன் வேலையைப் பாரு."

மோட்டாரைப் பார்த்தேன், பெல்ட்டைப் பார்த்தேன், லைனைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. கடைசியில் பலகையைப் பார்த்தால் பிள்ளைச்சாவடித் துளை காலி. முந்தின நாள் துடைப்பதற்காக நானே உருவிச் சட்டைப் பையில் போட்ட ஆணி. சட்டை நெல்லித்தோப்பு வீட்டில் அழுக்கு மூட்டையில் கிடக்கிறது. வீட்டுக்குப் போய் எடுத்துவந்து மாட்டிவிட்டு, மறுபடியும் இயந்திரத்தை நம்பி உட்கார மனசு வரவில்லை. ஆபீஸ் ஜீப்பும் தேங்காய்த்திட்டுக்குப் போயிருந்தது. சைக்கிளை எடுத்து வடக்கே மிதித்தேன். கோட்டக்குப்பம் தாண்டும்போதே வானம் இருட்டி, காற்று முகத்தில் மணலை அறைய ஆரம்பித்துவிட்டது. பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வாய், தம்பி கட்டிய அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வாய் என்று சக்கரம் சுற்றுகிற சத்தமே கேட்பது போல இருந்தது.

போய்ப் பார்த்தால் படகுகள் எல்லாம் மேலே ஏற்றிக் கட்டியிருக்கின்றன. செல்வம் கயிற்றை இறுக்கிக்கொண்டே சிரிக்கிறான்.

"என்னா மாமா, சேதியும் அனுப்பிட்டு நீங்களும் வரீங்க? எங்க மேல அம்புட்டு நம்பிக்கையா?"

"எந்தச் சேதிடா?"

கிடங்குக் கணக்கர் நடேசன் காகிதத்தை நீட்டினார். "நீங்க வருவீங்கன்னும் போட்டிருக்கே. உங்களுக்குச் சேர்த்துத்தான் டீ சொல்லியிருக்கேன்."

இங்கிலீஷ் எழுத்து. நடேசனே படித்துச் சொன்னார். புயல், படகை விடாதே. கீழே இன்னொரு வரி: கோவிந்தன் சைக்கிளில் வருகிறான், இன்று திரும்பிப் போக விடாதே. அச்சான நேரம் இரண்டு இருபது. நான் கிளம்பியதே மூன்றே காலுக்கு மேல். சைக்கிளை எடுப்பேன் என்று இரண்டு இருபதுக்கு எனக்கே தெரியாது.

அனுப்பிய இடத்தில் காரைக்கால் கிளையின் எழுத்து இருந்தது. அந்தக் கிளையை மூடி ஒரு வருஷம். அங்கே ஆபரேட்டராக இருந்தவர் லூர்து; பிரெஞ்சு மரியாதையில் எல்லோரும் அவரை 'முசே' என்றே கூப்பிடுவோம். அவர் செத்த பிறகுதான் மூடினார்கள். செய்தி அடிக்கும்போது நடுநடுவே பிரெஞ்சு வார்த்தை போடுவார். நான் எத்தனையோ தடவை நாலு பேர் முன்னால் அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

நடேசன் என்னை விடவில்லை. ராத்திரி முழுக்கக் கிடங்கில் கூரை பிய்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்து திரும்பினால், கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்தில் ராத்திரி நான் திரும்பியிருக்க வேண்டிய சாலையில் மின்கம்பம் சாய்ந்து, கம்பி தண்ணீரில் கிடந்தது. அதில் ஒரு மாடு செத்துக் கிடந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தோப்பு வழியாகச் சுற்றி வந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சட்டைப் பையில் ஆணி அப்படியே இருந்தது. ஆபீஸ் கிடங்கில், கிளையை மூடியபோது கொண்டுவந்து போட்ட காரைக்கால் இயந்திரம் சாக்கு மூடிக் கிடந்தது. அதன் மோட்டாரை வேறொன்றுக்கு மாட்டக் கழற்றியவனே நான்தான். சாக்கைத் தூக்கினேன். எங்கும் விரல்கனத் தூசி. எழுத்துக் கட்டைகளின் மேல் மட்டும் தூசி இல்லை. சாக்கை மறுபடி இழுத்து மூடினேன்.

செல்வத்துக்கு இன்று பேரன் இருக்கிறான். அந்தக் காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. அதன் கடைசியில் தனியாக ஒரு பிரெஞ்சு வார்த்தை உண்டு, 'சுயித்'. செய்தி முடியாமல் பாதியில் நிற்கும்போதுதான் முசே அதை அடிப்பார். இன்னும் இருக்கிறது, மீதி வருகிறது என்று அர்த்தமாம்.

மீதி இன்றுவரை வரவில்லை. வீட்டில் யாருடைய செல்போனாவது செய்தி வந்து சத்தம் போட்டால், யாருக்கு என்று தெரிகிறவரை நான் மூச்சு விடுவதில்லை.